சூடானால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது: பிரேக் எங்கே சிக்குகிறது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2013 மாடல் சிறிய கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கிளம்பினால் ஆழியாறு வரை ஒன்றும் தெரிவதில்லை. மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டி இழுக்க மறுக்கிறது, கருகல் வாடை வருகிறது, பெடல் கெட்டியாகி மேலேயே நின்றுவிடுகிறது, இடது முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் முன் பேட் (டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் தகடு) மாற்றினார், காலிப்பரை (அந்தப் பேட்டை அழுத்தும் பாகம்) கழற்றி சர்வீஸ் செய்தார், அடுத்த பயணத்திலும் அதே கதை. இப்போது மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலில் அழுத்தம் உண்டாக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் எத்தனை பாகத்துக்குப் பணம் கொடுத்தால் இது நிற்கும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும்வரை ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்பது என் பதில். அதைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டும்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டுப் பல வருடம் பட்டறையில் பெரும்பாலும் பிரேக் வேலையே செய்து வந்தவன் நான். அப்படியிருந்தும், வண்டியைப் பார்க்காமல் இன்ன பாகம்தான் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவும் மாட்டேன். வண்டி அவரிடம் போய்ச் சேரும்போது ஆறிப்போயிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது. அவர் என்ன செய்வார், வழக்கமாகக் கெட்டுப்போகும் பாகத்தை மாற்றித் தருவார். சூடு எந்த நேரத்தில் வந்தது என்பதிலும் ஒரு தகவல் இருக்கிறது. மலை இறங்கும்போது சக்கரம் கொதிப்பது இயல்பு. ஏறும்போது யாரும் பெரிதாகப் பிரேக் மிதிப்பதில்லை. ஏற்றத்தில் சக்கரம் அப்படிச் சூடாகிறது என்றால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது. இதில் சந்தேகம் வேண்டாம்.

அப்படி உரசுவதற்கு இரண்டே வகைக் காரணம் உண்டு. ஒன்று, காலை எடுத்த பிறகும் பிரேக் ஆயிலின் அழுத்தம் எங்கேயோ தேங்கி நிற்கிறது. இல்லையென்றால் அழுத்தம் முழுவதும் போய்விட்டது, ஆனால் சக்கரத்தில் ஏதோ ஒரு பாகம் துருவாலோ அழுக்காலோ சிக்கித் திரும்பாமல் நிற்கிறது. முதல் வகையில் காலிப்பரை எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் பயனில்லை. இரண்டாம் வகையில் மாஸ்டர் சிலிண்டர் வாங்கும் காசு வீண். எனவே முதலில் இந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

இதைப் பிரிக்கப் பலரும் நேராகக் காலிப்பரின் பிளீட் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) திறப்பார்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் தேங்கியிருந்தது என்று பொருள். அது சரிதான், ஆனால் அதோடு தடயமும் போய்விடும். அழுத்தம் எங்கே தேங்கியது என்று தெரிய மறுபடி சூடேற்றிக்கொண்டு வர வேண்டும். ஆகவே மேலிருந்து கீழே வாருங்கள், பெடலில் தொடங்கி நிப்பிளைக் கடைசியில் தொடுங்கள். மலைப்பாதையில் இதைச் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில், சமதளமான இடத்தில், பிரேக்கை அடிக்கடி மிதித்து ஓட்டிக் கோளாறை வரவழையுங்கள். வந்ததும் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இடது முன் சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். டயரைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள், ரிம்மைத் தொட வேண்டாம்.

முதலில், இன்ஜினை அணைத்த நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து விடுங்கள். அதில் சக்கரம் விட்டுவிட்டால், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் மேல் சந்தேகம் வரும். உள்ளே வால்வு சிக்கிக்கொண்டால் நீங்கள் மிதிக்காமலேயே பூஸ்டர் பிரேக்கை அழுத்தும். இது அபூர்வம், ஆனால் பார்த்துவிடுவதில் செலவில்லை. அடுத்து, குனிந்து, பெடல் பக்கத்தில் உள்ள பிரேக் விளக்கு சுவிட்சைச் சற்று வெளியே திருகிவிட்டு, பெடலைக் கையால் மேலே இழுங்கள். கொஞ்சம் மேலே வந்து சக்கரமும் விட்டால் கோளாறு பெடலிலேயே இருக்கிறது. விடவில்லையென்றால் பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் சில சுற்றுத் தளர்த்துங்கள். சிலிண்டர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நகரும். அதில் சக்கரம் விட்டால் பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் உள்ள தள்ளுகம்பி நீளமாக இருந்து மாஸ்டரின் பிஸ்டனை எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்போதும் விடவில்லையா, நட்டை இறுக்கிவிட்டு, அந்தச் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயின் இணைப்பை மாஸ்டர் சிலிண்டரிலேயே துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்துங்கள். இங்கே விட்டால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே அடைப்பு. அடுத்து, இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்கும் இணைப்பு. அங்கே விட்டால் குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் கடைசியாக நிப்பிள். அங்கே விட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் அழுத்தத்தின் மேல் பழியில்லை, காலிப்பரில்தான் சிக்கல்.

குழாய் இணைப்புகளைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், பிரேக் குழாய்க்கென்று விற்கும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி பாட்டிலில் விடுங்கள். சூடான ஆயில் முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். இணைப்பைத் திறந்த வண்டியை, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்காமல் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இதெல்லாம் கை பழகாதவர் தனியாகச் செய்யும் வேலை இல்லை. மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

சரி, உங்கள் வண்டியில் எது என்று நான் நினைக்கிறேன்? கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். பின்னால் பிரேக் விளக்கு எரியாமல் போனதால் பெடல் பக்கத்தில் உள்ள சுவிட்சை மாற்றினீர்கள், அதற்குச் சில வாரம் கழித்துத்தான் இந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். காரணத்தைச் சொல்கிறேன்.

மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை உண்டு. கால் பெடலில் இல்லாதபோது பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும், துளை திறந்திருக்கும். பெடலை மிதித்ததும் கப் துளையைத் தாண்டிப் போய் மூடும், அதன் பிறகுதான் அழுத்தம் உண்டாகும். ஓட்டும்போது சக்கரத்தின் சூட்டில் ஆயில் விரியும், விரிந்த ஆயில் அந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்பும். பிரேக் விளக்கு சுவிட்சை அளவுக்கு மேல் உள்ளே திருகி வைத்தால் அதன் முனை பெடலைச் சற்று அழுத்திய நிலையிலேயே நிறுத்திவிடும். பல கார்களில் அந்தச் சுவிட்சுதான் பெடல் எவ்வளவு மேலே வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. பெடல் ஓரிரண்டு மில்லிமீட்டர் குறைவாகத் திரும்பினாலும் போதும், துளை திறக்காது. விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லை, அது காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளும், பேட் உரசும், சூடு கூடும், ஆயில் இன்னும் விரியும். இப்படிச் சூடும் அழுத்தமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொண்டே போகும், வண்டி நகர மறுக்கும் வரை. நிறுத்தினால் ஆயில் ஆறிச் சுருங்கும், எல்லாம் பழையபடி ஆகும். ஆறியதும் சரியாவது, பெடல் மேலேறிக் கெட்டியாவது, வெற்றாட்டம் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இல்லாமல் போவது, நீங்கள் சொன்ன மூன்றும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

பொருந்துகின்றன என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் ஆகவில்லை. இதே மூன்று அறிகுறியும் தள்ளுகம்பி நீளமானாலும் வரும், கப் உப்பித் துளையை மறைத்தாலும் வரும், துளையில் அழுக்கு அடைத்தாலும் வரும். பெடலின் வெற்றாட்டம் எத்தனை மில்லிமீட்டர், சுவிட்சுக்கும் பெடலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது காருக்குக் கார் மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரை உடனே மாற்ற வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். பெடல் சரியாகத் திரும்பவில்லை என்றால் புது சிலிண்டரும் இதையே செய்யும். புது சிலிண்டரையோ பூஸ்டரையோ போடும்போது தள்ளுகம்பியின் அளவைப் பார்க்காமல் விட்டால் இல்லாத கோளாறு புதிதாக வரும், மாஸ்டர் மாற்றிய பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பித்தது என்று வரும் வண்டிகளில் பாதிக்கதை இதுதான்.

இங்கே இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. கோளாறு பெடலிலோ மாஸ்டரிலோ இருந்தால் ஒரே ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கக் கூடாது. இடது முன் சக்கரம் என்று எழுதியிருக்கிறீர்கள், வலது முன்னைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று சொல்லவில்லை. ஓட்டுநர் இறங்கியதும் வாடை எந்தப் பக்கம் அதிகமோ அந்தச் சக்கரத்தைத்தான் பார்ப்பார், மற்ற மூன்றையும் மறந்துவிடுவார். அடுத்த முறை நான்கையும் பாருங்கள். ஆன்லைனில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் நல்லது, டிஸ்க்கையும் டிரம்மையும் நோக்கிப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். இரண்டு முன் சக்கரமும் சூடாக இருந்து பின்னால் சூடில்லை என்றாலும் மாஸ்டர் பக்கம் சந்தேகம் குறையாது. டிரம்மின் உள்ளே உரசும் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது, தேங்கிய அழுத்தம் கொஞ்சமாக இருந்தால் அந்த ஸ்பிரிங்கை வெல்லாது. டிஸ்க்கில் பெரும்பாலும் அப்படி ஒரு ஸ்பிரிங் இல்லை, காலிப்பரில் உள்ள ரப்பர் சீலின் நெகிழ்ச்சிதான் பிஸ்டனை இம்மி அளவு பின்னால் இழுக்கிறது. ஆக, முதலில் பிடிப்பது முன்னால்தான். இடது முன்னும் வலது பின்னும் சேர்ந்து சூடாகின்றன என்றால் அதுவும் ஒரு துப்பு. முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்களில் பிரேக் குழாய்கள் பெரும்பாலும் குறுக்காகத்தான் பிரிந்திருக்கும், ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் மாஸ்டரின் ஒரே அறையிலிருந்து அழுத்தம் வாங்கும். அப்படியானால் மாஸ்டரின் ஒரு அறையில் மட்டும் அடைப்பு.

நிஜமாகவே இடது முன் ஒன்றுதான் என்றால் சுவிட்சை மறந்துவிட்டு ஹோஸுக்கும் காலிப்பருக்கும் வாருங்கள். ஹோஸ் ஏமாற்றும் சாமான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து ஒரு மடிப்பு தொங்கும். மிதிக்கும்போது வரும் அழுத்தம் அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது அதே மடிப்பு வழியை மூடிக்கொள்ளும். பேட் மாற்றும்போது காலிப்பரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிடுவதும், ஆயில் வராமல் இருக்க ஹோஸைப் பிளையரால் நசுக்குவதும் ஹோஸை இப்படிக் கெடுக்கும் வழிகள். ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை துருவேறி வீங்கி உள்ளே அமுக்குவதும் உண்டு. 2013 வண்டியில் ஹோஸ் இன்னும் பழையதே என்றால், கோளாறு வேறு இடத்தில் கிடைத்தாலும் ஜோடியாக மாற்றிவிடச் சொல்வேன். கோளாறு அங்கேதான் என்று தெரியாமலே நான் பாகம் மாற்றச் சொல்லும் ஒரே இடம் இது.

காலிப்பர் விஷயத்தில் சர்வீஸ் செய்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்னவோ அடங்கும். சில இடங்களில் காலிப்பர் நகர உதவும் பின்னை (pin) கழற்றித் துடைத்து கிரீஸ் தடவுவதுதான் சர்வீஸ். முழு வேலை என்றால் பிஸ்டனை வெளியே எடுத்து, துரு இருக்கிறதா பார்த்து, சீலும் டஸ்ட் பூட்டும் (தூசி புகாமல் மறைக்கும் ரப்பர் உறை) புதிதாகப் போட வேண்டும். பூட் கிழிந்து தண்ணீர் போனால் பிஸ்டனின் ஓரத்தில் துரு பிடிக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், புது பேட் போடும்போது அந்தத் துருப்பிடித்த பகுதியைச் சீலுக்குள் தள்ளி அனுப்புகிறோம். பேட் மாற்றிய பிறகு பிரேக் பிடிக்கிறது என்ற புகாருக்கு இது பழைய காரணம். துருவை எமரியால் தேய்த்துவிட்டுப் போடுவது நாலு மாதத்துக்குத்தான் வரும், பிஸ்டனையே மாற்றுங்கள். பின்னில் பட்டறையில் கிடக்கிற சாதா கிரீஸைத் தடவினால் அதிலுள்ள எண்ணெய் பூட்டையும் பின்னில் உள்ள ரப்பரையும் உப்ப வைக்கும், பின் இன்னும் இறுகும். பிரேக்குக்கென்று வரும் சிலிகோன் கிரீஸ்தான் வேண்டும். பல கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டாலும் சிக்கும். கழற்றிய பேட்டையும் பாருங்கள். உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின் நகரவில்லை, அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. இரண்டில் எது என்பதைப் பேட்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது, கையால் நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். புது பேட்டின் காது பிராக்கெட்டில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதும் சகஜம், கிளிப்புக்கு அடியில் உள்ள துருவைச் சுரண்டினால் போதும்.

அப்புறம் பிரேக் ஆயில். இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும், கெட்டால் பெரிய செலவு வைக்கும். நம் கார்களில் போடும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை, பெட்ரோலிய எண்ணெய் அல்ல. பிரேக்கில் உள்ள ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். யாராவது தெரியாமல் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருந்தாலும், கழற்றிய சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டிருந்தாலும் சில வாரத்தில் கப் உப்பித் துளையை மூடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆயில் டப்பா மூடியில் உள்ள ரப்பர் உப்பிச் சுருண்டிருக்கிறதா பாருங்கள். டப்பாவிலிருந்து சில துளி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். நல்ல பிரேக் ஆயில் கரைந்துவிடும், வேறு எண்ணெய் கலந்திருந்தால் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் துக்கச் செய்திதான், மாஸ்டர் கிட் (மாஸ்டரின் ரப்பர் பாகங்கள்), காலிப்பர் சீல், டிரம்மில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு விட்டால் மறுபடி வரும்.

பின் சக்கரம் பிடிக்கும் கோளாறு உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்காக நாலு வரி. மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூவின் மேல் உரசும் பரப்பான லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கேபிள் துருவேறி உறைக்குள் சிக்கினால் லிவரை இறக்கிய பிறகும் ஷூ விரிந்தே இருக்கும். லேசாக மிதித்தாலே ஒரு பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் அது வேறு சங்கதி, வீல் சிலிண்டரோ ஆக்சில் ஆயில் சீலோ ஒழுகி லைனர் நனைந்திருக்கலாம், லைனர் ஷூவிலிருந்து உரிந்து குறுக்கே மாட்டியிருக்கலாம், டிரம்மைக் கழற்றாமல் தெரியாது. மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக் மட்டும் கடித்தால் அது மேல்துரு, பயப்பட ஒன்றுமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார்களில் ஏபிஎஸ் இருக்கும். அந்த யூனிட்டின் உள்ளே வால்வு சிக்கி அழுத்தம் தேங்குவதும் நடக்கக்கூடியதுதான். அதை ஸ்கேனர் இல்லாமல் நான் தொட மாட்டேன், மேலே சொன்ன வரிசை அந்த யூனிட்டுக்குள் எது கெட்டது என்று காட்டாது.

கோளாறு தீரும்வரை வால்பாறைப் பக்கம் போக வேண்டாம். ஏறும்போது வண்டி நிற்பது தொந்தரவுதான், ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய டாட் 4-க்கு அளவுகோலில் உள்ள கீழ்வரம்பு 155 தான், வருடக்கணக்காக மாற்றாத ஆயில் அதற்கும் கீழே போகலாம். உரசிச் சூடேறிய சக்கரத்தோடு நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகும், அதுவரை கெட்டியாக இருந்த பெடல் திடீரென்று தரை வரை போகும். வழியில் மாட்டிக்கொண்டால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும், விரிசல் விடவும் செய்யலாம். புகை வந்தால் தீயணைப்பான் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

வேலை முடிந்த பிறகு, மூலக் காரணத்தைச் சரிசெய்ததோடு நிறுத்தாமல் சூடு கெடுத்ததையும் பாருங்கள். பேட்டின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தால் புது பேட்டாக இருந்தாலும் அது போச்சு. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தாலோ, மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தாலோ டிஸ்க்கை அளந்து பார்க்க வேண்டும். கொதித்த ஆயிலை முழுவதும் மாற்றிக் காற்று எடுங்கள், எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் மாடலின் மேனுவலைப் பின்பற்றுங்கள். அந்தப் பக்கத்து வீல் பேரிங்கின் கிரீஸும் உருகியிருக்கலாம், சில நூறு கிலோமீட்டர் போன பிறகு அங்கிருந்து உறுமல் வந்தால் பிரேக் மறுபடி பிடிக்கிறது என்று பயப்படாமல் முதலில் பேரிங்கைச் சோதியுங்கள். எந்த இணைப்பைத் தளர்த்தியபோது சக்கரம் விட்டது என்று பார்த்து எழுதுங்கள், அதை வைத்து மேலே சொல்கிறேன்.